புழு டாக்டரின் மஞ்சள் மூடி

பெக்கான் நானாஸ் பக்கம் ஓர் அன்னாசித் தோட்டக் குடியிருப்பில், வாசலில் நின்றபடி யோகேஸ்வரி அந்த வெள்ளை டப்பாவை இரண்டு கைகளாலும் நீட்டுகிறார். கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் நீட்டுவார்களே, அதே பவ்யம். உள்ளங்கையில் அடங்கும் டப்பா. மூடியின் உட்புறத்தில் குட்டிக் கரண்டி ஒன்று ஒட்டியிருக்கும். வாங்கிக்கொண்ட காளியம்மா, "என்னாம்மா இது, தைலமா?" என்று மூக்கருகே கொண்டுபோகிறார்.

"காலி டப்பாதாங்க்கா. நாளைக்குக் காலைல நீங்க வெளிய போறதுல கொஞ்சம் எடுத்து இதுல வைக்கணும். சுண்டைக்காய் அளவு போதும்."

விஷயம் காளியம்மாவின் மண்டைக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆகிறது. இறங்கியதும், சுடுசட்டியைத் தொட்டவர்போல டப்பாவைக் கீழே போட்டுவிட்டு, "அலமாக்! என்னா டாக்டர் நீங்க, படிச்சவங்க, அதயெல்லாம் போயி கேப்பாங்களா?" என்று கைலியில் கையைத் துடைத்துக்கொள்கிறார். யோகேஸ்வரி குனிந்து டப்பாவை எடுக்கிறார். மறுபடியும் இரண்டு கைகளாலும் நீட்டுகிறார். "வெக்கப்படாம குடுங்க லா. யாரும் யாருக்கும் குடுக்காதத நான் கேக்குறேன். அதான் ரெண்டு கையால நீட்டுறேன்."

காளியம்மா சிரித்துவிடுகிறார். மறுநாள் டப்பா நிறைந்து வருகிறது, சுண்டைக்காய் என்ன, எலுமிச்சம்பழ அளவுக்கே.

யோகேஸ்வரி டாக்டர்தான், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஜொகூர் பாருவில் ஓர் ஆய்வு நிலையத்தில், மனிதக் குடலில் குடியிருக்கும் புழுக்களையும் அவை கொண்டுவரும் நோய்களையும் இருபது வருடங்களுக்கு மேலாக ஆராய்ந்துவருகிறார். பெர்மாஸ் ஜெயாவில் அக்கம்பக்கத்தாருக்கு அவர் ‘புழு டாக்டர்’. யாராவது வாய்தவறி அவர் முன்னாலேயே அப்படிச் சொல்லிவிட்டால்கூட அவருக்குக் கோபம் வராது. "சரியாத்தான சொன்னீங்க" என்பார். அடுத்த மூச்சில், "வீட்டுல பூனை இருக்குல்ல? அதுக்குப் பூச்சி மருந்து குடுத்தாச்சா?" என்று கேட்டு, சொன்னவரை இன்னும் நெளியவைப்பார்.

எங்கே போனாலும் பருத்திச் சேலைதான். தோட்டத்துக்குப் போனால் அதற்குக் கீழே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். இந்த இரண்டையும் சேர்த்து உடுத்துகிற ஒரே பெண்மணி ஜொகூர் மாநிலத்திலேயே இவராகத்தான் இருக்கும். காரின் பின்பெட்டியில் பிரிக்காத ஜப்பான் செலிப்பர்கள், அதாவது ரப்பர் செருப்புகள், எல்லா அளவிலும் கிடக்கும். வெறுங்காலோடு சேற்றில் நிற்கிற ஆளைப் பார்த்தால் நெடுஞ்சாலையோரமானாலும் வண்டியை நிறுத்திவிடுவார். யாரைச் சந்தித்தாலும் அவர் கண் முதலில் பாதத்துக்குத்தான் போகும், முகத்துக்கு ஏறி வர நேரமாகும். ஒரு தீபாவளித் திறந்த இல்ல விருந்தில், உருளைப்புழு பார்க்க எப்படி இருக்கும் என்று சும்மா பேச்சுக்குக் கேட்ட உறவினருக்கு, அவர் தட்டில் கிடந்த ஜொகூர் லக்சா நூடுல்ஸை முள்கரண்டியால் தூக்கிக் காட்டி விளக்கினார். அதற்குப் பிறகு அந்தக் குடும்ப விருந்துகளில் அவர் உட்காரும் மேசையில் இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

ஆனால் அவருடைய ஆராய்ச்சி லக்சாப் புழுவைப் பற்றியதில்லை. அவர் ஆயுளைக் கொடுத்தது நூல்புழு என்கிற ஒன்றுக்கு. மயிரிழையைவிட மெல்லியது. ஈரமண்ணில் இருக்கும் அதன் குஞ்சு, பாதத்தின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலில் குடியேறும். மற்ற புழுக்கள் வயதாகிச் சாகும். இது உள்ளேயே குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகளில் சில வெளியே வராமல் அதே உடம்புக்குள் மறுபடி புகுந்துகொள்ளும். இப்படியே நாற்பது வருடம்கூட ஓட்டிவிடும். சுமக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. எப்போதாவது கொஞ்சம் வயிற்று உப்புசம். இடுப்பிலோ தொடையிலோ ஓர் அரிப்பு, சிவப்பாக ஒரு கோடு, நாலைந்து மணி நேரத்தில் அது இன்னோர் இடத்துக்கு நகர்ந்திருக்கும்.

ஆள் நன்றாக இருக்கும்வரை புழுவும் அடங்கியே இருக்கும். வேறு ஏதோ நோய்க்கு டாக்டர் ஸ்டீராய்ட் எழுதுவார். உடம்பின் காவல் படுத்துவிடும். அப்போது இந்தக் குஞ்சுகள் கணக்கில்லாமல் பெருகி, குடலைத் துளைத்து நுரையீரல், ரத்தம், மூளை என்று கண்டபடி பரவிவிடும். அப்படி இறந்துபோனவர்களின் நுரையீரல் துண்டை யோகேஸ்வரி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார். பார்த்த அன்றெல்லாம் சாப்பாடு இறங்கவில்லை என்று அவரே சொல்வார். ஆகவே டாக்டர்களுக்கு வகுப்பெடுக்கும்போது எப்போதும் ஒரே இடத்தில்தான் முடிப்பார்: "ஸ்டீராய்ட் எழுதுறதுக்கு முன்ன, தோட்டத்துல பொறந்து வளந்தவரான்னு கேளுங்க. கேட்டுட்டு மலத்தச் சோதிச்சுப் பாருங்க. ஒரு தடவ பாத்துட்டு இல்லன்னு சொல்லாதீங்க, அது ஒளிஞ்சுக்கும்."

வகுப்புக்கு வருகிறவர்களுக்குப் புழு உள்ள மல மாதிரியைக் காட்டினால் மட்டும் போதாது. புழுவே இல்லாத மாதிரி ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். இதற்கு யார் தருவார்கள்? ஆய்வு நிலையத்தில் ஆளாளுக்கு நழுவினார்கள். "எதுக்கு லா பிச்சை எடுக்கணும், நம்மளே குடுத்துருவோம்" என்று யோகேஸ்வரி ஆரம்பித்ததுதான் வழக்கமாயிற்று. அவருடைய டப்பாவுக்கு மட்டும் மஞ்சள் மூடி. மஞ்சள் மூடி என்றால் சுத்தம் என்று அர்த்தம். ஆய்வுக்கூடத்தில் அவரோடு பல வருடமாக வேலை செய்யும் உதவியாளர் மலர், "டாக்டரோடது தங்கம்" என்று கேலி செய்வதும் அதனோடு சேர்ந்து வழக்கமாகிவிட்டது.

இந்தத் தங்கத்துக்கு அடிப்படை வெகு லேசானது. யோகேஸ்வரி பிறந்தது கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அங்கே மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் வருடம் தவறாமல் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பூச்சி மருந்து ஊற்றுவார். அது போதாதென்று அம்மா பள்ளி விடுமுறையில் விளக்கெண்ணெய் வேறு புகட்டுவார். "எம்புள்ளைங்க வயித்துல ஒரு புழு பூச்சி கெடையாது" என்பது அந்த அம்மா லயம் முழுக்க அடித்துக்கொண்ட தம்பட்டம். அந்த மருந்துகள் நூல்புழுவை ஒன்றும் செய்யாது என்று மகளுக்குத் தெரியும். அதைக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். ஆனாலும் அம்மா சொன்னது எங்கோ ஓரத்தில் தங்கிவிட்டது. வருடம் ஒருமுறை மஞ்சள் மூடியைத் திறந்து, ஒரே ஒரு கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. சுத்தம் என்று எழுதிவிடுவார்.

சென்ற மாதம் மலரோடு சேர்ந்து புது முறை ஒன்றைச் சோதித்தார். வட்டத் தட்டில் அகார் கூழை ஊற்றி உறையவைப்பார்கள். தீபாவளிக்குப் பலகாரமாக வெட்டிவைக்கும் அதே கடற்பாசி அகார்-அகார்தான், சர்க்கரை மட்டும் கிடையாது. நடுவில் மாதிரியை வைத்து மூடி இரண்டு நாள் விட்டால், உள்ளே நூல்புழு இருந்தால் குஞ்சுகள் கூழின்மேல் ஊர்ந்து திரியும். போன வழியெல்லாம் கிருமிகளை இழுத்துப் போட்டுப் போகும். அவை முளைத்து, தட்டு முழுக்க வளைந்து வளைந்து தடம் தெரியும். பெக்கான் நானாஸ் மாதிரிகளையும், ஒப்பிட மஞ்சள் மூடியையும் தட்டில் இட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை மலர் கூப்பிட்டார். "டாக்டர், கொஞ்சம் வாங்களேன். இந்தத் தட்டுல ஓடியிருக்கு."

"காளியம்மாவோடதா? நெனச்சேன்." யோகேஸ்வரி கையுறையை மாட்டிக்கொண்டே வந்தார். காளியம்மாவின் தட்டு வெறுமையாக இருந்தது. மலர் நீட்டிய தட்டில், நடுவிலிருந்து விளிம்புவரை, சேற்றில் நத்தை போனதுபோலத் தடங்கள்.

"யாரோடது?"

மலர் தட்டைத் திருப்பி, அடியில் ஒட்டிய மஞ்சள் சீட்டைக் காட்டினார்.

"மலர், மாத்தி வச்சிட்டீங்க. எத்தன தடவ சொல்றேன், ஒரு டப்பா மூடின பிறகுதான் அடுத்ததத் தொறக்கணும்னு? இது என்னா வேல?" யோகேஸ்வரி ஆய்வுக்கூடத்தில் குரலை உயர்த்தியதே இல்லை. அன்று உயர்த்தினார்.

"டாக்டர், மஞ்சள் மூடிய நான் தனியா, கடைசியாத்தான் தொறந்தேன். ஒண்ணுக்கு ரெண்டு தட்டு போட்டேன். ரெண்டுலயும் இருக்கு."

யோகேஸ்வரி தட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்தார். வெளிச்ச வட்டத்தில் ஒன்று சாட்டைபோலத் துள்ளி ஓடியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. வாலின் நுனியைத் தேடினார். பிளந்திருந்தது. யாருடைய உடம்பிலிருந்து வந்தாலும் ஒரு நொடியில் பெயர் சொல்லிவிடக்கூடிய வால்தான். இப்போது பெயர் வாயில் வரவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ பேர் முன்னால், ‘இதோ பாருங்கள், இது சுத்தம்’ என்று நீட்டியது இதைத்தானா? அவர் கை தன்னையறியாமல் இடுப்பின் பின்பக்கம் போயிற்று. அங்கே அடிக்கடி அரிக்கும். பாவாடை நாடா இறுக்கம் என்று வருடக்கணக்காக நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டிருக்கிறார். நகரும் கோட்டைப் பற்றி வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிறவர், தன் முதுகை ஒரு கண்ணாடியில் திரும்பிப் பார்த்ததில்லை.

பிறகுதான் அண்ணன் ஞாபகம் வந்தது. வந்ததும் கையுறையைக் கழற்றிப் போட்டார்.

அண்ணன் ஹேமநாதன் கூலாய்க்காரர், செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காவல் மேற்பார்வையாளர். சிறுநீரகக் கோளாறால் முகமும் காலும் வீங்கி, ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியில் அப்போது படுத்திருந்தார். டாக்டர்கள் ஸ்டீராய்ட் எழுதியபோது, "வேணாம்மா, அதத் தின்னவன்லாம் ஊதிப்போயிர்றான்" என்று அடம்பிடித்தார். போனில் அவரைத் திட்டி மாத்திரையை முழுங்கவைத்தது தங்கைதான். "ஊதுனா ஊதிட்டுப் போ, மொதல்ல உசுரோட இரு. நான் சொல்றேன்ல, முழுங்குண்ணே." அது நடந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஊரில் உள்ள டாக்டர்களுக்கெல்லாம் சொல்கிற வாக்கியத்தைத் தன் அண்ணன் விஷயத்தில் அவர் சொல்லவில்லை. தான் சுத்தம் என்றால் ஒரே வீட்டில், ஒரே சாக்கடையோரம் விளையாடிய அண்ணனும் சுத்தம்தானே! முந்தின நாள் அண்ணி பேச்சியம்மாள் கூப்பிட்டு, "வயிறு கல்லு மாதிரி இருக்குங்கிறாரு யோகேஸ், ஒரே இருமல் வேற" என்றபோது, "கேஸ்ட்ரிக்கா இருக்கும் அண்ணி" என்று வைத்துவிட்டார்.

உடனே வார்டுக்குப் போன் செய்தார். எடுத்தவர் அண்ணனைக் கவனிக்கும் டாக்டர் ராஜசேகரன். யோகேஸ்வரி மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னார்.

"டாக்டர், நான் உங்க கிளாஸுல உக்காந்தவன். நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன். தோட்டத்துல பொறந்தவருன்னதும் டப்பாவ எடுத்து நீட்டினேன். உங்கண்ணன் சிரிச்சிட்டாரு. ‘எந்தங்கச்சி யாருன்னு தெரியுமா? புழு டாக்டர். எங்க வீட்ல புழு இருக்குமா தம்பி?’ன்னாரு. உங்க பேரச் சொன்னதும்..." குரல் இறங்கியது. "நானும் விட்டுட்டேன். சாரி, டாக்டர்."

யோகேஸ்வரிக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. திட்ட வேண்டிய ஆள் வேறு யார் என்று தெரிந்துபோயிற்று. "டப்பா அங்கயே இருக்கட்டும். நான் வரேன்" என்றார். வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வழியில் பெர்மாஸ் பாலத்தைக் கடந்தது எப்போது என்றுகூட அவருக்கு நினைவில்லை.

ஹேமநாதன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. தங்கையைப் பார்த்ததும், "என்னா, வேலை நேரத்துல ஓடியாந்துட்ட? நான் போயிட்டேன்னு சொல்லிட்டாங்களா?" என்று சிரிக்கப் பார்த்து இருமினார். யோகேஸ்வரி மேசைமேல் கிடந்த டப்பாவை எடுத்தார். இரண்டு கைகளாலும் நீட்டினார். வழக்கமாகச் சொல்கிற வேடிக்கை வார்த்தை வரவில்லை. கண்ணீர்தான் முட்டிக்கொண்டு வந்தது.

"ஏய், என்னா இது? நம்ம வீட்டுலயா? அம்மா கேட்டா டிரெஸ்ஸர வெட்டிப்போட்ரும்."

"குடுண்ணே. பேசாம குடு."

அண்ணனின் மாதிரியையும் இருமித் துப்பிய சளியையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, அவர் சட்டையைத் தூக்கி இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்தே அந்த இடத்தைச் சொறிவார். அரைஞாண் கயிறு உரசுகிறது என்று அப்பா கயிற்றை மாற்றினார், வெள்ளிக்கு மாற்றினார், கடைசியில் அறுத்தே போட்டார். கயிறு போன பிறகும் அரிப்பு போகவில்லை. அதற்கும் ‘தழும்பு அரிக்கிறது’ என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். யோகேஸ்வரி முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். இடுப்பைச் சுற்றி, குழந்தை கிறுக்கியதுபோல ஒரு சிவப்புக் கோடு. பையிலிருந்து பேனாவை எடுத்துக் கோடு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு நீலக் கீறல் போட்டார்.

"என்னா பண்ற? அளவு எடுக்குறியா?"

"சும்மா இருண்ணே."

வார்டில் மதியச் சாப்பாடு கொடுத்து, தட்டுகளையும் எடுத்துப் போனார்கள். யோகேஸ்வரி மறுபடி சட்டையை விலக்கினார். சிவப்புக் கோடு நீலக் கீறலைத் தாண்டி ஒரு விரல் நீளம் போயிருந்தது. தோலுக்கு அடியில் அது இப்போதும் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பது வருடம் இந்த மனிதரின் இடுப்பில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்ததை, அதையே படித்துப் பட்டம் வாங்கியவர் படிக்கவில்லை.

அதற்குள் மலர் கூப்பிட்டார். "டாக்டர், பாத்துட்டேன். நெறைய இருக்கு. தட்டே வேணாம், சும்மா தடவினதுலயே ஓடுது." கொஞ்சம் தயங்கினார். "சளியிலயும் ஒண்ணு இருக்கு டாக்டர்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டாக்டர் ராஜசேகரன் பெரிய டாக்டரை அழைத்துவந்தார். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்கவும், புழுவுக்கான மாத்திரையை உடனே தொடங்கவும், குடலிலிருந்து கிருமி ரத்தத்துக்குப் போயிருக்கலாம் என்று அதற்கு மருந்து ஏற்றவும் முடிவாயிற்று. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கையில இருந்திருக்காது. இப்பவும் ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும்" என்றார் பெரிய டாக்டர். பேச்சியம்மாள் கோயிலுக்கு நேர்ந்துகொள்ள வெளியே போய் நின்றார்.

கட்டிலருகே அண்ணனும் தங்கையும் மட்டும். தாதி கொடுத்த மாத்திரைகளை ஹேமநாதன் ஒவ்வொன்றாக முழுங்கினார்.

"நான்தான் அந்தத் தம்பிகிட்ட பெரிய இவனாட்டம் சொன்னேன்" என்றார். "உன் பேரச் சொல்லிக்கிறதுல ஒரு இது."

"அண்ணே." யோகேஸ்வரிக்குச் சொல்லவே கூசியது. "மொதல்ல என்னோடதுலதான் இருந்துச்சு. இன்னிக்குக் காலைல. அதப் பாத்துட்டுத்தான் ஓடியாந்தேன்."

தன்னிடம் டப்பாவை நீட்டியபோதுகூடச் சிரித்தவர் இப்போது சிரிக்கவில்லை. வீங்கிய இமைகளைத் தூக்கித் தங்கையையே பார்த்தார். "உனக்கா?" என்றார். "உனக்கேவா?" அவ்வளவு பெரிய உடம்பு தலையணையில் சாய்ந்துபோயிற்று. இருமினார். பிறகு ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய கையை நீட்டினார்.

"அந்தப் பேனாவக் குடு."

"எதுக்கு?"

"உனக்கும் பின்னாடி அரிக்கும்ல. பாவாடை நாடான்னு சொல்லிச் சொல்லி அம்மாகிட்ட புது நாடா வாங்குவ. திரும்பு. நான் கோடு போடுறேன்."

யோகேஸ்வரி பேனாவை இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தார். திரைச்சீலையைக் கட்டிலைச் சுற்றி இழுத்துவிட்டார். முந்தானையை இடுப்பிலிருந்து விலக்கிக்கொண்டு, அண்ணனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.